ஒன்று விழுந்தால் டீ

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அதனால் அந்தப் பதிப்பகத்தை எல்லோரையும்விட அதிகமாகத் திட்டியவள் நான்தான் என்பதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்கவில்லை. அப்படித் திட்டியதற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. அது எனக்கு மட்டும் தெரியும்.

ராயபுரத்தில் அப்பாவின் கயிற்றுக்கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. நைலான் கயிறு, வலை, மிதவை எல்லாம் அடுக்கியது போக நாலு பேர் உட்கார இடம் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை கடை அரை நாள்தான். மதியம் ஷட்டர் இறங்கியதும் நாங்கள் மூன்று பேர் மேலே ஏறிவிடுவோம். நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஆபீசில் நாள் முழுக்க ஷிப்பிங் பில் டைப் செய்கிறவள். எங்கள் தெரு அண்ணன் ஒருவர், வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறார். மூன்றாவது என் தோழி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவள், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளார்க். கல்லூரியில் என் பக்கத்து பெஞ்ச்.

நாங்கள் ஆடுவது கதை விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடப்பார்கள். கதவு பூட்டியிருக்கிறது, நீ என்ன செய்கிறாய் என்று கேட்பார். உடைக்கிறேன் என்றால் உடைந்துவிடாது. இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். இருபது விழுந்தால் ராஜா. ஒன்று விழுந்தால் கதவு நம் காலிலேயே விழும்.

எங்கள் அறையில் புத்தகத்தில் இல்லாத விதி ஒன்று உண்டு. ஒன்று போட்டவர் கீழே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வர வேண்டும். டீ மேலே வந்துவிட்டால் அந்த ஒன்றைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. முன்பு ஒரு தடவை அண்ணன் ஒன்று போட்டு எங்கள் எல்லோரையும் ஆற்றில் மூழ்கடித்தார். நாங்கள் கிண்டல் செய்த கிண்டலில் இரண்டு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்த வந்த விதி இது. இன்றுவரை ஒருவரும் மீறியதில்லை.

கதை சொல்வது எப்போதும் தோழிதான். அவள் கதையில் மலையும் கோட்டையும் வந்தாலும் போகப்போக எண்ணூர்ப் பக்கமாகவே வந்து நிற்கும். முகத்துவாரம் வரும், சாம்பல் படிந்த உப்பங்கழி வரும், அதைக் கடக்க ஒரே ஒரு படகு வரும். படகுக்காரி கூலி வாங்கமாட்டாள். ஏறுகிறவர் முகத்தைப் பார்த்து, "இன்னா கண்ணு, சோறு துன்னியா?" என்று கேட்பாள். உண்மையைச் சொன்னால் படகு நகரும். பொய் சொன்னால் எவ்வளவு துடுப்புப் போட்டாலும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அந்தக் குரல் அவள் அம்மாவுடையது. காசிமேட்டில் இறால் உரிக்கப் போய்க்கொண்டிருந்தவர். நாங்கள் விளையாட ஆரம்பிப்பதற்கு முந்தைய வருஷம் இறந்துபோனார். கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவரைக்கூட அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் அனுப்பியதில்லை. நான் முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போனபோது என்னையும் கேட்டார். "சாப்பிட்டுட்டேன் ஆன்ட்டி" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. நாங்கள் தெற்கேயிருந்து வந்து கடை வைத்த குடும்பம். வெளியே யார் வீட்டிலும் கை நனைக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். ஏன் என்று வீட்டில் யாரும் விளக்கியதில்லை, விளக்காமலே எங்களுக்குப் புரிந்திருந்தது. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

பின்னாளில் அந்த வீட்டில் எத்தனையோ நாள் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறேன். ஆனாலும் அந்த முதல் நாள் பொய் பொய்தான். படகு நகராத விதி எங்கேயிருந்து வந்தது என்று நான் தோழியிடம் கேட்டதில்லை.

அவள் முதல் தடவை அந்தக் குரலை எடுத்தபோது அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மாவை அவருக்கும் தெரியும். "இன்னாண்ணா?" என்று அவள் கேட்டதற்கு, "சாம்பல் வியுந்துச்சு தங்கச்சி" என்றார். வள்ளூரில் வேலை பார்க்கிறவர் அந்தச் சாக்கைச் சொன்னால் யாரால் மறுக்க முடியும்?

இந்த விளையாட்டைத் தமிழில் கொண்டுவந்தது வேறு ஊரில் இருக்கும் ஒரு சின்னப் பதிப்பகம். அதுவரை இங்கிலீஷ் விதிகளைப் பிரிண்ட் எடுத்து, பாதி புரிந்து, பாதியை நாங்களே இட்டுக்கட்டி ஆடிக்கொண்டிருந்தோம். தமிழ்ப் புத்தகம் வந்த அன்று அண்ணன் அதை வாசனை பார்த்தார். ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் கையால் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று இருக்கும். கேள்வி கேட்டு எழுதினால் பதில் வரும். அவர்களை நாங்கள் கம்பெனியாக நினைத்ததே இல்லை, தூரத்து ஊரில் இருக்கும் எங்கள் ஆட்களாகத்தான் நினைத்தோம். உங்கள் ஊர்க் கதையை எழுதி அனுப்புங்கள், அடுத்த புத்தகத்தில் போடுகிறோம் என்று அவர்கள் கேட்டபோது தோழி ஒரே வாரத்தில் நோட்டு ஒன்றை நிரப்பிவிட்டாள்.

டைப் செய்து அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. "எய்தி கீறத அப்டியே அன்ப்புமே" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அப்படியேதான் அடித்தேன். கடைசியில் ஒரு வரி மட்டும் நானாகச் சேர்த்தேன். 'படகுக்காரி பேசுவது மெட்ராஸ் பாஷை. கேட்டால் சிரிப்பு வரும், வேடிக்கையான பாத்திரம்.' சின்ன வயதில் நான் வாய் தவறி 'இன்னா' என்று சொன்னால் அப்பா முறைப்பார். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அவர்கள் சிரிப்பதற்குள் நாமே சொல்லிவிட்டால் கௌரவமாக இருக்கும் என்று நினைத்தேன். அதைத் தோழியிடம் காட்டவில்லை.

புத்தகம் வந்தது. படகுக்காரிக்கு முழுப் பக்கத்தில் படம். வெற்றிலை வழியும் வாய், ஒரு கை துடுப்பில், இன்னொரு கை பயணியின் பையில். சோறு துன்னியா என்று கேட்டுக்கொண்டே மூட்டையை உருவுகிறவளாக ஆக்கியிருந்தார்கள். பேச்சு முழுக்கக் கோமாளிப் பேச்சு. தோழி அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

"எங்கம்மாவ திருடியாக்கிட்டானுங்கமே" என்றாள். புத்தகத்தை மூடி மிதவைகளுக்கு மேலே வைத்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு கதையில் நாங்கள் முகத்துவாரத்துக்கு வந்தோம். அவள் வழக்கம்போலக் கழுத்தைச் சாய்த்தாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். "இங்க படகு இல்ல. சுத்திகினு போங்க" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் கதையில் படகே வரவில்லை. ஒருநாள் மாடிப்படியில் வைத்து என்னிடம் சொன்னாள், "அந்தக் கொரல எட்த்தா இப்ப அந்தப் படந்தான்மே கண்ணு முன்னால வர்து. அம்மா மூஞ்சி வர மாட்டேங்குது." அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இணையத்தில் ரசிகர்கள் கொதித்தார்கள், நானும் கொதித்தேன். இனி அவர்கள் புத்தகத்தைக் கையால் தொடமாட்டேன் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். எங்களை வைத்து வயிறு வளர்க்கிறார்கள் என்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, கூச்சல் போட்டது. யாரோ மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம் என்று முதலில் ஒரு மன்னிப்பு வந்தது. அதைக் கிழித்துத் தோரணம் கட்டினோம். ஒரு மாதம் கழித்து இரண்டாவது வந்தது. புத்தகத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்றார்கள். எங்களுக்கு வந்த கதையில் அவள் திருடி இல்லை, நாங்கள்தான் அப்படி ஆக்கினோம், தவறு முழுக்க எங்களுடையது என்று எழுதியிருந்தார்கள்.

படித்துவிட்டு நான் காத்திருந்தேன். என் வரி அவர்களிடம் இருக்கிறது. எந்த நேரமும் எடுத்துப் போட்டுத் தப்பிக்கலாம். நாங்கள் என்ன செய்வோம், அனுப்பியவர்களே சிரிப்பு வரும் என்று எழுதினார்களே என்று கேட்கலாம். ஒரு வாரம், இரண்டு வாரம், அவர்கள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு என்னால் அவர்களைத் திட்ட முடியவில்லை.

பதிப்பகத்தின் பதிப்பாசிரியை, தான் நேரில் வர வேண்டும் என்று தோழிக்கு எழுதினார். இவள் வெகுநாள் பதில் போடவில்லை. ஒருநாள், "வரட்டும். பேச்சுவார்த்தைலாம் வாணாம். குந்தி ஆடட்டும்" என்றாள்.

வந்தவர் எங்கள் வயதுப் பெண். மாடிப்படியில் கிடந்த கயிற்றுச் சுருளில் தடுக்கி, விழாமல் சமாளித்து வந்தார். பென்சில் எடுக்க ஃபைலைத் திறந்தபோது என் மெயிலின் பிரிண்ட் மேலே இருந்தது. கடைசி வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். தாளைத் திருப்பி ஃபைலுக்கு அடியில் வைத்துவிட்டு, "என் பாத்திரம் உப்பு விக்கிறவள்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு மணி நேரம் ஆடினோம். பிறகு தோழி கதையை முகத்துவாரத்துக்குத் திருப்பினாள். "படகு கீது" என்றாள். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் குரல் அவளுடைய சாதாரணக் குரல்தான். "படகுக்காரி கேக்கறா, சாப்ட்டியான்னு."

"இல்லைங்க" என்றார் வந்தவர். "நிஜமாவே இல்லை. காலைலேர்ந்து பயம். ஒண்ணும் எறங்கல."

தோழி தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீ?"

நானும் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "அந்த மெயில்ல நான் ஒரு வரி சேர்த்தேன்" என்று வந்தது. முழுவதையும் சொன்னேன், அந்த வரியை எழுத்து மாறாமல் சொன்னேன்.

"அடிப்பாவி" என்றார் அண்ணன், மெதுவாக.

"திருடியாக்கினது நாங்கதான்" என்றார் வந்தவர். "அதை அவங்க எழுதல."

தோழி அவரைப் பார்க்கவில்லை. "எங்கம்மா பேசனா உனுக்கு சிரிப்பு வருமா?" என்று என்னைக் கேட்டாள்.

"வராது."

"அப்பறம் ஏன்மே?"

"அவங்க சிரிச்சிடுவாங்களோன்னு பயம். நான் முந்திக்கிட்டேன்."

கீழே தெருவில் ஒரு மீன்பாடி வண்டி போனது. இனி இந்த ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை என்றே நினைத்தேன். பதினைந்து வருஷத்துச் சிநேகிதி, ஒரே ஒரு வரியில் போய்விட்டாள். அவள் கையை நீட்டி என் பகடையை எடுத்தாள். விரலால் திருப்பித் திருப்பி, ஒன்று மேலே வரும்படி என் முன்னால் வைத்தாள். பிறகு வந்தவரின் பகடையையும் எடுத்து அதேபோல ஒன்றைத் திருப்பி வைத்தாள்.

"ரெண்டு பேரும் போங்க" என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் என் பின்னால் இறங்கினார். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று பாதிப் படியில் கேட்டார். "டீ வாங்கணும்" என்றேன்.

கடைசிப் படியில் கால் வைத்தபோது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. எத்தனையோ மாதமாக அந்த அறையில் கேட்காத குரல்.

"இன்னா கண்ணு, அந்தப் பொண்ணு காலைலேர்ந்து துன்லயாமே. பன்னு சேத்து வாங்கினு வா. நீ துன்னியா?"

"இல்ல ஆன்ட்டி" என்று கீழேயிருந்து கத்தினேன். "நானும் சாப்பிடல."