ஏழாவது மீட்டர்

“ஏம்மா, உப்பு நடந்து வருமா?”

உப்பு அக்கா ஒருநாள் என்னிடம் கேட்ட கேள்வி இது. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதிலும் வரவில்லை. யாராவது கேள்வி கேட்டால் என் தொண்டை அடைத்துக்கொள்ளும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டதே அதனால்தான். வாயால் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள். ஒரு வார்த்தைகூட இட்டுக்கட்டிச் சொல்லவில்லை.

ஆற்றங்கரையில் ஊருக்குக் குடிநீர் அனுப்பும் பம்பு நிலையம் இருக்கிறது. அதன் பின்னால்தான் எங்கள் வீடு. அம்மாவுக்கு அங்கே காவல் வேலை. ஆற்றில் உப்பு அளக்கும் மீட்டர்களை அப்பா பார்த்துக்கொண்டார். கடல் பக்கம் முதல் மீட்டர். எங்கள் படித்துறையில் ஏழாவது. ஏழு வருடத்துக்கு முன் ஒரு கோடையில், முதல் மீட்டரைப் பழுதுபார்க்கப் படகில் போனார். படகு கிடைத்தது. அப்பா கிடைக்கவில்லை.

உப்பு அக்கா ஆராய்ச்சிக்காரர். அந்தப் பெயர் நாங்கள் வைத்தது. பல வருட அளவுகளை அலசி, கடல் உப்பு மேலே ஏறி வருகிறதா என்று அவர் சொல்லவேண்டும். ஏறுகிறது என்றால் பம்பை மூடிவிடுவார்கள். எங்கள் வீட்டையும் காலி செய்யச் சொல்வார்கள்.

“அவரு வந்தா எந்த வாசல்ல வந்து நிப்பாரு?” என்பாள் அம்மா.

மாதச் சராசரியில் எதுவும் தெரியவில்லை. மணிவாரியாகப் பிரித்தபோதுதான் அக்காவுக்கு அது கண்ணில் பட்டது.

“பாரு. வருஷத்துல ஒரே ஒரு ராத்திரி. மொத வருஷம் ஒண்ணாவது மீட்டரோட நின்னுடுச்சு. அடுத்த வருஷம் ரெண்டு வரைக்கும். போன வருஷம் ஆறு. உப்பு ஏறாம இருக்கக் கட்டுன தடுப்பணையையும் தாண்டிடுச்சு. மணிக்கு நாலு கிலோமீட்டர்... மனுசன் நடக்குற வேகம்.”

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் தேதியைப் பார்த்தேன். அப்பா போன தேதி. சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

“பேசினா வரி போட்டுடுவாங்களா உனக்கு?” என்று அக்கா என் தலையில் தட்டினார்.

இந்த வருடம் அந்த ராத்திரி வந்தது. கையால் அளந்து பார்க்க அக்கா ஆறாவது மீட்டருக்குப் போய்விட்டார். அம்மா வீட்டில் தூங்கினாள். பம்பு நிலைய அறையில், கணினித் திரைக்கு முன்னால் நான் மட்டும். ஏழு கோடுகள். ஏழும் தரையோடு தரையாகக் கிடந்தன.

9.40. நாலாவது கோடு எழுந்தது. கொஞ்ச நேரத்தில் படுத்துக்கொண்டது.

11.05. ஐந்தாவது.

12.30. ஆறாவது. அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

“ஏறிடுச்சு.”

“தெரியுது. அளந்துட்டேன். சுத்தமான கடல் தண்ணி. ஆனா ஆத்துல ஒரு அசைவு இல்ல... தனியாவா இருக்க?”

“ம்.”

“கதவ சாத்திக்க.”

சாத்திக்கொண்டேன்.

1.50க்கு ஒரு வாசனை வந்தது. கடல் வாசனை. கடல் இங்கிருந்து ஒரு நாள் நடை.

1.55. ஏழாவது கோடு எழுந்தது.

படித்துறையில் சத்தம்.

சளக்...

சளக்...

ஒவ்வொரு படியாக.

நான் நிமிரவில்லை. திரையையே பார்த்தேன். ஏழாவது கோடு சட்டென்று கீழே விழுந்தது.

உப்பு இப்போது ஆற்றில் இல்லை.

சன்னலுக்குக் கீழே... சளக்.

தாண்டிப் போனது.

எங்கள் வீட்டுப் பக்கம்.

தாழ்ப்பாள் திறக்கும் சத்தம். உள்ளேயிருந்து.

அம்மாவின் குரல்.

“கால கழுவிட்டு வாங்க.”

விடியும்வரை அந்த நாற்காலியைவிட்டு நான் எழவில்லை.

காலையில் அக்கா சேற்றுக் காலோடு வந்தார். அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நானும் வீட்டுக்குள் போனேன்.

“பொழச்சீங்க. இப்ப ஏழு மீட்டரும் சுத்தம். வருஷத்துல ஒரு ராத்திரிக்காகப் பம்ப மூட வேண்டாம். வீடு உங்களுக்குத்தான்” என்றார் அம்மாவிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. “ஒண்ணுதான் புரியல. வருஷா வருஷம் ஏறுன உப்பு, விடியறதுக்குள்ள எறங்கிப் போயிடும். ஒவ்வொரு மீட்டர்லயும் திரும்ப ஒருதரம் காட்டும். இந்தத் தடவ எறங்கவே இல்ல.”

அம்மா குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அக்கா ஒரு வாய் குடித்தார். உடனே வாசலில் துப்பினார். பையிலிருந்து பேனா போன்ற ஒரு கைமீட்டரை எடுத்துக் குடத்தில் விட்டார்.

முப்பத்தைந்து. கடலுக்கு உள்ள அளவு.

தரையில் நாலு தட்டு வைத்திருந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம்.

“அவரு குளிச்சிட்டு வரட்டும். எல்லாரும் சேந்து சாப்பிடலாம். உக்காரும்மா” என்றாள் அம்மா. இத்தனை வருடத்தில் அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அக்கா என்னைப் பார்த்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்ல நினைத்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அக்கா மீட்டரைக் குடத்திலேயே விட்டுவிட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.