எடிட் மெனுவில் ஒரு அன்டூ

ஊசி போடும் முன் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்ப்பார்களே, அந்த வாசனை. மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரி. எனக்கு அது ஒரு மெனு: ஃபைல், எடிட், ரிப்போர்ட், ஹெல்ப்.

பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு நான் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேர். தர்மபுரியில் ஒரு மாடி அறை, ஒரு லேப்டாப், நான். அதுதான் என் கம்பெனி. என் புரோகிராமை இன்னொரு மனிதர் படித்ததே கிடையாது.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெனுவின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. க்ளிக் செய்தால் விண்டோஸ் அந்த எண்ணை WM_COMMAND என்ற செய்தியில் வைத்து நம் புரோகிராமுக்கு அனுப்பும். இந்த எண் வந்தால் பிரின்ட் எடு, அந்த எண் வந்தால் அழி என்று ஒவ்வொன்றுக்கும் நாம்தான் எழுத வேண்டும். எழுதாவிட்டால் எரர்கூட வராது. எண் வரும், நிற்கும், கேட்பாரில்லாமல் போய்விடும்.

எடிட் மெனு இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் மொட்டையாகத் தெரியும் என்று எடிட் வைத்தேன். எடிட் என்றால், தவறிச் செய்ததைப் பழையபடி ஆக்கும் அன்டூ வேண்டாமா? அதையும் வைத்தேன். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று அதன் இடத்தைக் காலியாக விட்டேன்.

ஒரு காலையில் லேப் ஓனர் போன் செய்தார்.

“உடனே கிளம்பி வாங்க சார். கவிதா நேத்து கேம்ப் ரிசல்ட் மொத்தத்தையும் அழிச்சுட்டா. அன்டூ வேலை செய்யலன்னு கதை சொல்றா. அவ சொல்றது பொய்யின்னா இன்னியோட கணக்கு தீத்து அனுப்பிருவேன்.”

கவிதாதான் அந்த லேபின் டெக்னீஷியன். முப்பது வயது. புருஷனுக்கு ஓசூரில் வேலை; இவள் பாப்பிரெட்டிப்பட்டியிலேயே மாமனார் வீட்டில். முந்தின நாள் அங்கே நடந்த முகாமில்தான் முப்பத்திரண்டு பேரிடம் ரத்தம் எடுத்திருந்தாள்.

நான் போனபோது மெஷின் முன்னால் நின்றிருந்தாள்.

“பிரின்ட் எடுத்தாச்சுன்னு நெனச்சு ‘புதிய நாள்’ அமுக்கிட்டேங்க. அழிக்கட்டுமான்னு கேட்டுச்சு. அன்டூதான் இருக்குதேன்னு தைரியமா யெஸ் குடுத்தேன். அப்புறம் அன்டூவ ஒரு இருபது தடவ அமுக்கியிருப்பேன் சார். அது கல்லு மாதிரி நிக்குது.”

“சரி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க,” என்றேன்.

லேப்டாப்பைத் திறந்தேன். காலியான அந்த வரி என்னைப் பார்த்தது. மேலே ஒரே ஒரு வரி சேர்த்தால் அன்டூ சாம்பல் நிறமாகிவிடும், யாரும் அமுக்க முடியாது. அது எப்போதும் அப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடலாம். இந்த ஊரில் யார் படித்துப் பார்க்கப் போகிறார்கள்? தப்புச் செய்துவிட்டு, அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆளாகவும் நானே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு தனியாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. அந்த வரியை அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன்.

ஓனர் எட்டிப் பார்த்தார். “என்ன சார், யார் மேல தப்பு?”

“என் மேலதாங்க. அன்டூ சும்மா பேருக்கு இருக்குது. உள்ள ஒண்ணும் எழுதல.”

“ஷோவுக்கு வெச்சீங்களா? கல்யாண மண்டபத்து வாழமரமா அது?” என்று சிரித்தார். பிறகு கதவைச் சாத்தினார். “சரி, அவ வேலையில இருக்கட்டும். ஆனா வெளிய அவ தப்பாவே இருக்கட்டும் சார். பொண்ணு தெரியாம செஞ்சிட்டான்னா சனம் மன்னிச்சிரும். கம்ப்யூட்டரே தப்புன்னா நாளைக்கு எவன் என் ரிப்போர்ட்ட நம்புவான்?”

தலையாட்டிவிட்டு லேப்டாப்பை மூடினேன். முப்பத்திரண்டு பேரும் மறுபடி வெறும் வயிற்றோடு வந்து கை நீட்ட வேண்டும். அவர்களுக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதன்பின் நான் வைக்கும் மெனுவில் எண் கொடுத்த அன்றே வேலையையும் எழுதிவிடுகிறேன். முடியாவிட்டால் சாம்பலாக்கிவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தொழில் பாடம் அவ்வளவுதான். மற்றது தொழிலில் சேராதது. அடுத்த வாரம் எனக்கு வேறு ஊரில் வேலை வந்தது. அதற்கடுத்த வாரமும். இரண்டு மாதம் கழித்துப் போனேன். மெஷின் முன்னால் வேறொரு பெண். “கவிதாவ வூட்ல நிறுத்திட்டாங்க சார்,” என்றார் ஓனர்.

கோளாறு பார்க்கப் போன அந்த முதல் நாள் சாயங்காலம் கவிதாதான் ஸ்கூட்டியில் என்னை பஸ் ஸ்டாண்டில் விட்டாள். தர்மபுரி பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

“ஓனர் சொன்ன மாதிரியே ஊர்ல யார் கேட்டாலும் தப்பு நான்தான்னு சொல்லிக்கறேன் சார். அது பரவால்ல. எங்க மாமனார்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்றீங்களா? பேரக் கெடுத்துட்ட, இனிமே வேலைக்குப் போவாதங்கறாரு. வூடு இங்கருந்து பத்து நிமிசந்தான்.”

“இந்த பஸ்ஸ விட்டா லேட்டாயிரும்மா. அடுத்த வாரம் கண்டிப்பா வந்து சொல்றேன்.”

“சரிங்க சார். ஏறுங்க, சீட்டு இருக்குது.”