விளையாட்டுச் சாமான் கடையும் கைத்துவக்கும்

துவக்கு, அதுதான் துப்பாக்கி, விக்கிற கடையில வேலை எண்டா, வாற பத்துப் பேரில ஒருத்தர்தான் வாங்க வாறவர், மிச்ச ஒன்பது பேரும் கதைக்க வாறவை. கவுண்டருக்குப் பின்னால நிண்டு கால் கடுக்கிற என்ர சனங்களே, நீங்கள் மீன் விக்கிறியளோ மூக்குக்கண்ணாடி விக்கிறியளோ எனக்குத் தெரியாது, ஆனா இந்த நோவு உங்களுக்கு விளங்கும். பகல் முழுக்க ஊர்ச் சனத்தோட வாய் வலிக்கக் கதைக்கிறது. பின்னேரம் அறைக்குப் போய்க் கதவைத் திறந்தா, வந்திட்டியோ எண்டு கேக்க ஒரு குருவியும் இல்லை.

நான் மன்னார்க்காரன், பேர் அந்தோனி. ஜேர்மனியில வுப்பர்டாலில, ஆத்துக்கு மேல தொங்கு றெயில் போற பாதைக்குப் பக்கத்தில, பழைய கடை ஒண்டு. முதலாளியம்மா ஃப்ராவ் லோமன், புருசன் செத்தபிறகு தனிய நிண்டு கடையை நடத்தின எழுபது வயசு மனிசி. முதல் அங்க பெட்டி தூக்கினன். பிறகு சோதினை எழுதிப் பாஸ் பண்ணிக் கவுண்டருக்கு வந்தன். நிரந்தர வேலை எண்டு கையெழுத்து வைச்சுத் தந்த ஒரே கடை அதுதான். பிறகு கலியாணம் கட்டி மனிசியை இஞ்ச கூப்பிடுறதுக்கு அந்தக் கடுதாசி வேணும், அதால என்ன கடை எண்டு நான் யோசிக்கேல்லை. யோசிக்காததின்ர பலனைத்தான் இனிச் சொல்லப்போறன்.

கோவக்காரன்

ஒரு திங்கக்கிழமை காலமை, நான் கோப்பி ஊத்தேக்க ஒரு ஆள் வந்தார். நாப்பது வயசிருக்கும், நல்ல கோட்டு. கைத்துவக்கு ஒண்டு வேணும், இண்டைக்கே வேணும், தனக்கு ஒண்டும் தெரியாது, நீயே ஒண்டைப் பாத்துத் தா எண்டார். பேக்கரியில பாண் வாங்க வந்த ஆள் மாதிரி நிண்டார்.

நான் என்ர பாடத்தைத் தொடங்கினன். முதல் சுடுற கழகம் ஒண்டில சேரவேணும். ஒரு வருசம் ஒழுங்காப் போய் இலக்குக்குச் சுட்டுப் பழகவேணும். பிறகு சோதினை, கழகத்தின்ர கடிதம், அரசாங்கத்தின்ர விசாரிப்பு, அனுமதி அட்டை, வீட்டில இரும்புப் பெட்டி. இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் எது நல்ல துவக்கு எண்டு நாங்கள் கதைக்கலாம். அவருக்கு முகம் சிவந்து போச்சு. ஒரு வருசமோ, அதுக்குள்ள தன்ர கோவம் ஆறிப்போடுமே எண்டார். பின்னறையில நிண்ட முதலாளியம்மா தலையை நீட்டினா. பேந்து அவ பொலிசுக்கும் ஒரு சொல் சொல்லி வைச்சவ, ஆனா அந்த ஆளுக்கு அவ சொன்னது ஒரே ஒரு வசனம்.

“அதுக்குத்தான் அந்த ஒரு வருசம்.”

டை கட்டின படம்

இரண்டாயிரத்து மூண்டில, ஊரில சண்டை ஓய்ஞ்சிருந்த நேரம், மூண்டு கிழமை லீவில போய் ரெஜினாவைக் கலியாணம் செய்தன். ரெஜினாவின்ர தமையன் முந்திச் சந்தைக்குப் போன இடத்தில, சைக்கிளில வந்த ரெண்டு பேர் அவனைக் கைத்துவக்கால சுட்டுப்போட்டினம். ஆரெண்டு இண்டை வரைக்கும் தெரியாது. கலியாணம் பேசேக்கயே இதைச் சொல்லிப்போட்டினம். அதால, ஜேர்மனியில என்ன வேலை செய்யிறியள் எண்டு ரெஜினா கேக்கேக்க, என்ர வாய் தன்ர பாட்டில சொல்லிச்சுது, விளையாட்டுச் சாமான் கடை எண்டு.

பிறகு அதைத் திருத்த நான் வழி பாக்கேல்லை. எங்கட ஆக்களுக்குத் தெரியும், ரெலிபோனில துவக்கு எண்ட சொல்லை ஒருத்தரும் எடுக்கமாட்டினம். கடிதத்திலயும் எழுதமாட்டினம். சென்றியில ஆமிக்காரன் கடிதத்தைப் பிரிச்சுப் பாத்தா ஆர் பதில் சொல்லுறது? சண்டை ஓய்ஞ்சும் அந்தப் பழக்கம் ஓயேல்லை, எனக்கு அது நல்ல வசதியாப் போச்சு. இண்டைக்கு மூண்டு கிரிக்கெட் மட்டை வித்தன், ஒரு பெட்டி பந்து வந்து இறங்கினது எண்டு வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தன். கடைக்குள்ள டை கட்டி நிண்டு ஒரு படமும் எடுத்து அனுப்பினன். பின்னால வெறும் சுவர் தெரியிற மாதிரித்தான் எடுத்தது. படம் கிடைச்ச அண்டைக்கு ரெலிபோனில அவ விழுந்து விழுந்து சிரிச்சா.

“பந்தும் மட்டையும் விக்கிறதுக்கு ஏனப்பா டை?”

குறூகரின்ர செவ்வாய்க்கிழமை

குறூகர் தொங்கு றெயில் ஓட்டிப் பென்சன் எடுத்த மனிசன். பெண்சாதி செத்தபிறகு வீட்டில இருக்க ஏலாமல் வேட்டைப் படிப்புப் படிச்சு, அறுபத்திமூண்டு வயசில வேட்டை அனுமதி எடுத்தவர். முதல் கைத்துவக்கு வாங்க வேணும், இலக்குக்குச் சுடவும் வேட்டைக்கும் ஒண்டே காணும், ரெண்டு வேண்டாம் எண்டு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். எனக்குப் புளுகம், அவ்வளவு சந்தோசம். கனநாளுக்குப் பிறகு ஒரு உண்மையான வாடிக்கையாளர்.

வடிவா விளங்கப்படுத்தினன். இந்த நாட்டில கைத்துவக்கால வேட்டையாட ஏலாது. காயப்பட்டுக் கிடக்கிற காட்டுப் பண்டியோ மானோ வதைபடாமல், கிட்டப் போய் முடிச்சு வைக்கத்தான் அது. இருபத்திரண்டு எண்ட சின்னச் சன்னம் பழகுறதுக்கு அருமை, உதைக்காது, விலையும் மலிவு, ஆனா பண்டிக்கு அது காணாது, சட்டமும் விடாது. ரெண்டுக்கும் ஒண்டு எண்டா மூண்டு அஞ்சு ஏழு எண்ட அளவு ரிவோல்வர். கழகத்தில அதுக்குள்ள மெல்லிய தோட்டா போட்டு இலக்குக்குச் சுடலாம், காட்டுக்குப் போகேக்க பெரிசைப் போடலாம். பேரைப் பாக்காதேங்கோ, கையில பிடிச்சுப் பாருங்கோ. பிடி கைக்குள்ள நிறையவேணும், விரல் நுனி விசைக்கு நோகாமல் எட்டவேணும். அவர் எல்லாத்தையும் பிடிச்சுப் பாத்தார். யோசிச்சுச் சொல்லுறன் எண்டிட்டுப் போனார்.

அடுத்த செவ்வாயும் வந்தார். அதுக்கடுத்த செவ்வாயும். ஆறு மாதம் இதே கூத்து. அதே அஞ்சு ரிவோல்வரும் வெளியில வரும், அதே பாடம் நடக்கும், ரெண்டு கோப்பி குடிப்பார், வீட்ட போவார். ஒரு நாள் எனக்கு விசர் வந்திட்டுது. குறூகர், இண்டைக்கு ஒண்டைத் தெரிஞ்செடுத்துப் போட்டுத்தான் போகவேணும் எண்டன். அவர் தொப்பியைக் கழட்டிக் கவுண்டரில வைச்சார்.

“தெரிஞ்செடுத்துப் போட்டா, செவ்வாய்க்கிழமையில நான் எங்க போறது?”

பட்மின்டன்

எங்கட ஆக்கள் அந்தக் கடைப்பக்கம் வாறேல்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில ஆரும் கேட்டா, ஸ்ரோரில வேலை எண்டு சொல்லித் தப்பிடுவன். அப்பிடியிருக்க ஒரு நாள், எசன் நகரத்தில வளந்த ஒரு பிள்ளை, இருபத்தொரு வயசு, யூனிவெசிட்டியில படிக்கிறவ, கழகத்துக் கடிதம், அனுமதி எல்லாத்தோடயும் வந்து நிண்டா. முதல் கைத்துவக்கு, இலக்குக்கு மட்டும். நாங்கள் ரெண்டு பேரும் டொச்சில, ஜேர்மன் பாசையிலதான் கதைச்சம். சின்னக் கை, அதுக்குத் தக்க இருபத்திரண்டு பிஸ்ரல் ஒண்டை எடுத்துக் குடுத்து, பிடியை அளவுக்கு மாத்திப் பூட்டேக்க முறுக்காணி கையால நழுவி விழுந்தது. என்ர வாயில இருந்து ‘ஐயோ’ எண்டு வந்திட்டுது. பிள்ளை நிமிந்து பாத்துது. அங்கிள், நீங்கள் தமிழோ எண்டு கேட்டுது.

அஞ்சு வருசத்தில அந்தக் கடைக்குள்ள நான் கேட்ட முதல் தமிழ். தாய் வன்னியில இருந்து ஓடி வந்தவவாம், துவக்கு எண்ட சொல் வீட்டில எடுக்க ஏலாதாம், அதால பட்மின்டன் விளையாடப் போறன் எண்டு சொல்லித்தான் ரெண்டு வருசமாக் கழகத்துக்குப் போகுதாம். தன்ர அறையில இரும்புப் பெட்டிக்கு மேல மாதா சொரூபம் வைச்சு மூடியிருக்காம். நானும் என்ர மட்டையையும் பந்தையும் பற்றிச் சொன்னன். ரெண்டு பேரும் சிரிச்சம். பிறகு, பிள்ளை, உமக்கு இதில பயமில்லையோ எண்டு கேட்டன்.

“பயம்தான் அங்கிள். துவக்குக்கில்லை, அம்மாக்கு.”

ரெண்டு ஊரில ஒரே கேள்வி

மனிசியைக் கூப்பிட அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டு ஒரு வருசத்தால டெர்மீன், விசாரிப்புக்கு நாள், வந்தது. ஒரே நாள், ஒரே கேள்விகள். கொழும்பில தூதரகத்தில அவவுக்கு, வுப்பர்டாலில வெளிநாட்டாரைப் பதியிற கந்தோரில எனக்கு. உண்மையான கலியாணமோ எண்டு பாக்கிறதுக்கு. நான் எல்லாத்தையும் பாடமாக்கினன். கலியாணத்தண்டு மழையோ, கேக் என்ன நிறம், மாமியாருக்கு எந்தக் காலில நோவு. அவவுக்கும் ரெலிபோனில சொல்லிக் குடுத்தன். வேலையைப் பற்றி மட்டும் சொல்லிக் குடுக்க மறந்து போனன் எண்டு சொல்ல எனக்கு ஆசை. மறக்கேல்லை. அண்டைக்கு முதல் நாள் ரிசீவரைக் கையில வைச்சுக்கொண்டு நிண்டனான், வாய் வரேல்லை.

என்ர வேலை ஒப்பந்தத்தில துவக்குக் கடை எண்டு கொட்டை எழுத்தில கிடக்கு. ரெஜினா என்ன சொன்னவ? விளையாட்டுச் சாமான் கடை, கிரிக்கெட் மட்டை விக்கிறார், டை கட்டித்தான் விக்கிறவர். புருசன்ர வேலையே தெரியாத மனிசி, கலியாணம் பொய் போல கிடக்கு எண்டு கந்தோரில இருந்து கடிதம் வந்தது. ஓடிப்போய் விளங்கப்படுத்தினன், எல்லாப் பொய்யும் என்ர பொய், அவ பாவம் எண்டன். கந்தோர் மனிசன் நல்லவர். பைலை மூடி வைச்சிட்டுக் கண்ணாடியைக் கழட்டினார்.

“கிரிக்கெட் மட்டை வித்து ஒருத்தன் இஞ்ச சீவிக்கிறானெண்டா, அந்தக் கடையை எனக்கும் காட்டுங்கோ.”

குறூகர் கடை நடத்தினது

ரெஜினாவைத் தூதரகத்தில இன்னொருக்காக் கேக்கிறதுக்குக் கந்தோர் மனிசன் சம்மதிச்சார், இனி மறைக்க ஏலாது. ரெண்டாம் முறை கேக்கேக்க அவ உண்மையைச் சொல்லவேணும் எண்டா, அவவுக்கு உண்மை தெரியவேணும். ஒரு சனிக்கிழமை ரெலிபோன் எடுத்து, ரெஜினா, நான் விக்கிறது துவக்கு எண்டன். கைத்துவக்குமோ எண்டு கேட்டா. ஓம் எண்டன். லைன் கட்டாகிப் போச்சு. பிறகு எடுத்தா மாமியார் எடுப்பா, அவ கோயிலுக்குப் போட்டா எண்டுவா. அஞ்சு கிழமை அவ கோயிலிலதான் இருந்தா.

அந்த அஞ்சு கிழமையும் நான் ஒரு மனிசனா இருக்கேல்லை. சமைக்கப் பஞ்சி, பாணைக் கடிச்சிட்டுப் படுக்கிறது. கடையில வாய் திறக்க மனமில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை குறூகர் வந்து பாத்தார், நான் அஞ்சு ரிவோல்வரையும் எடுத்து வைச்சன், பாடம் தொடங்கேல்லை. என்ன ஏதெண்டு கேட்டார், நான் எல்லாத்தையும் கொட்டிப்போட்டன். அவர் ஆறுதல் ஒண்டும் சொல்லேல்லை. பிடி கைக்குள்ள நிறையவேணும், விரல் நுனி நோகாமல் எட்டவேணும், பண்டி வதைபடக்கூடாது எண்டு என்ர பாடத்தை ஒரு சொல் பிசகாமல் எனக்கே ஒப்புவிச்சார். முடிச்சுப்போட்டு என்ர கோப்பியை என்ர பக்கம் தள்ளினார்.

“இண்டைக்கு நான் விக்கிறன், நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ.”

ரெண்டாம் டெர்மீன்

அண்டைக்குப் பின்னேரம் குந்தியிருந்து அவவுக்கு ஒரு கடிதம் எழுதினன். துவக்கு எண்ட சொல்லை வாழ்க்கையில முதல் முதலாத் தமிழில எழுதினது அதிலதான். மன்னிப்பு ரெண்டு வரி, மிச்சம் பன்னிரண்டு பக்கமும் கடை. கோவக்காரனை எழுதினன், அவருக்கு நான் சொன்ன ஒரு வருசத்தை எழுதினன். குறூகரின்ர செவ்வாய்க்கிழமையை எழுதினன், மாதா சொரூபத்துக்குக் கீழ இருக்கிற பிஸ்ரலை எழுதினன். உம்மட தமையனைச் சுட்டவங்களிட்ட ஒருத்தரும் ஒரு வருசம் பொறு எண்டு சொல்லேல்லை, நான் நாளும் பொழுதும் சொல்லுற ஒரே சொல் அதுதான், உமக்கு அது காணாது எண்டா வேற வேலை தேடுறன் எண்டும் எழுதினன். பதில் வரேல்லை.

ரெண்டாம் டெர்மீன் நாள் வந்தது. அவ தூதரகத்துக்குப் போவாவோ எண்டும் எனக்குத் தெரியாது. போகாட்டி எல்லாம் முடிஞ்சுது. கடையில றெயில் போகப் போகக் கண்ணாடி அலுமாரி நடுங்கினது, நான் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டன். மத்தியானம் போல கடை ரெலிபோன் அடிச்சது. முதலாளியம்மா எடுத்துக் கேட்டிட்டு என்ர கையில தந்தா. கொழும்பில றோட்டுச் சத்தம். பேந்து அவவின்ர குரல், அஞ்சு கிழமைக்குப் பிறகு. என்ன கேட்டவை, நீர் என்ன சொன்னனீர் எண்டு நான் கேட்டன். உங்கட மனிசன் என்ன வேலை எண்டுதான் முதல் கேட்டவை எண்டா.

“என்ர மனிசன் துவக்கு விக்கிறவர், ஆனா ஒருத்தருக்கும் கெதியாக் குடுக்கமாட்டார் எண்டு சொன்னனான்.”

ஜேர்மனியில ஒரு கைத்துவக்கு வாங்க ஒரு வருசம் பொறுக்கவேணும், ஒரு மனிசியைக் கூப்பிட்டு எடுக்க எனக்கு ரெண்டு வருசமும் நாலு மாதமும் போச்சு, அதில அரைவாசிக்குச் சட்டம் பொறுப்பு, மற்ற அரைவாசிக்கு என்ர மட்டையும் பந்தும்.