ஒருவேளை இருபத்துநாலு கிராம்

எங்கள் அக்காவோடு கடைத்தெருவுக்குப் போவது போன்ற தலைவலி வேறில்லை. ஆள் நடக்கமாட்டாள், படிப்பாள். சுவரொட்டி, பெயர்ப்பலகை, லாரியின் முதுகு என்று எது கண்ணில் பட்டாலும் நின்றுவிடுவாள். "இங்க பாருடா, 'முன்னனி நிறுவனம்'னு போட்டிருக்கான். மூணு சுழி வர்ற இடத்துல ரெண்டு சுழி போட்டவன் எதுல முன்னணி?" என்பாள். பின்னால் வருகிறவர்கள் எங்கள் மேல் மோதிக்கொண்டு போவார்கள்.

அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது அவள் வேலை. டப்பாக்களிலும் அட்டைப்பெட்டிகளிலும் ஒட்டுகிற லேபிள்களை, அச்சுக்குப் போகும் முன் பிழை பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவாள். அதற்கு அவள் வைத்திருக்கும் முறை கொஞ்சம் கோணல். கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கிப் படிப்பாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "மேல இருந்து படிச்சா அர்த்தம் நம்மளக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடும். அப்புறம் எழுத்து எங்க தெரியும்?" என்றாள். எனக்கு அன்றைக்கு அது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது.

அத்தானுக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. போன வருடம் குடலில் ஒரு அறுவை சிகிச்சை, அது ஆறுவதற்குள் விடாத காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து பாதி ஆளாகத் திரும்பி வந்தார். சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுபடி தீயணைப்பு வண்டியில் ஏற வேண்டுமானால் அவர் உடல்தகுதித் தேர்வில் தேற வேண்டும். தண்ணீர்க் குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பயிற்சிக் கோபுரத்தின் உச்சிக்கு ஏற வேண்டும். ஆள் எடைக்கு மணல் அடைத்துத் தைத்த பொம்மையை மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்துப்போக வேண்டும். முடியாவிட்டால், ஓய்வு பெறும்வரை கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுக்கிற வேலை.

"ஊரே எரியறப்ப நான் போனப் பிடிச்சுக்கிட்டு 'முகவரி சொல்லுங்க'ன்னு உக்காந்திருக்கணுமா?" என்று அத்தான் பொருமுவார். அக்கா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள்.

அத்தான் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். சேர்ந்த வாரமே, குடம் அளவுக்கு ஒரு கருப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். புரதப் பொடி. டப்பாவின் முன்பக்கத்தில் கழுத்தே இல்லாத ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அத்தான் அதைச் சாப்பாட்டு மேசையின் நடுவில், பூச்சாடி வைக்கிற இடத்தில் வைத்தார்.

அக்காவின் கை சும்மா இருக்குமா? டப்பாவைத் திருப்பிக் கண்ணருகே கொண்டுபோனாள். திடீரென்று குபீரென்று சிரித்தாள்.

"என்னங்க, இந்தக் கம்பெனிக்காரன் ரொம்ப யோக்கியன். 'ஒருவேளை இருபத்துநாலு கிராம் புரதம்'னு போட்டிருக்கான். இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும்னு முன்னாடியே சொல்லிட்டான்!"

நான் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். 'ஒரு' என்பதற்கும் 'வேளை' என்பதற்கும் நடுவே விட வேண்டிய இடத்தை விழுங்கிவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அத்தானுக்கு வரவில்லை. "ஒரு வேளைக்கு இருபத்துநாலு கிராம்னு அர்த்தம். ஒரு வேளைக்கு ஒரு கரண்டி. ஜிம் மாஸ்டர் சொன்னாரு. எல்லாத்துலயும் நொட்டை சொல்லணுமா உனக்கு?" என்று ஒரு கரண்டிப் பொடியைத் தண்ணீரில் குலுக்கிக் குடித்துவிட்டு வெளியே போனார்.

அவர் போனதும் அக்கா சிரிப்பை நிறுத்தினாள். "ஏன்டா, ஒரு வேளைன்னா எவ்வளவு?" என்றாள்.

"ஒரு கரண்டின்னு சொன்னாரே."

"அவர் சொன்னாரு. டப்பா என்ன சொல்லுது?"

வழக்கம்போல அடியிலிருந்து படித்தாள். எறும்பு எழுத்தில் கடைசிக்கு முந்தைய வரியில் இருந்தது: ஒரு வேளை என்பது மூன்று கரண்டி, தொண்ணூறு கிராம். அத்தான் குடித்தது மூன்றில் ஒரு பங்கு. அதோடு விட்டாளா? தொண்ணூறில் இருபத்துநாலு போக மீதி என்ன என்று மேலே போனாள். சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். அது மாவுச்சத்திலிருந்து எடுக்கிற பொடி, சர்க்கரைக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. எது அதிக எடையோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள் என்பது லேபிள் பார்க்கிறவளுக்குத் தெரியும். புரதம் இரண்டாவதாக நின்றது.

"அத்தானக் கூப்பிட்டுச் சொல்லு" என்றேன்.

"இரு, முழுசா தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன். நீயும் வாயத் திறக்காத."

அப்படித் தொடங்கியது அக்காவின் ஆராய்ச்சி. அவளுக்கு ஒன்று புரியவில்லை என்றால் ஊரில் ஒருவரையும் நிம்மதியாக விடமாட்டாள். முதலில் ஜிம் மாஸ்டரிடம் போனாள். நல்ல மனிதர், பளுவைத் தூக்கவும் இறக்கவும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பவர். "ஒரு வேளைன்னா என்னங்க மாஸ்டர்?" என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். "கம்பெனி ஆளு வந்து வச்சுட்டுப் போவாருக்கா. நான் பின்னாடி படிச்சதே இல்ல" என்றார். பிறகு அவரே ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போனார்.

அடுத்து, இந்த டப்பாக்களை விற்கிற கடை. என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கடை முழுக்கச் சிங்கமும் மின்னலும் எரிமலையும். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து, படித்து, முதுகு தெரியும்படி திருப்பி வைத்துக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டு முழுக்க டப்பாக்கள் எங்களுக்குப் புறமுதுகு காட்டி நின்றன.

"அக்கா, இப்படித் திருப்பி வச்சா யாருக்கா வாங்குவாங்க?" என்றார் கடைக்காரர்.

"அதாங்க நானும் பார்க்கிறேன்" என்றாள் அக்கா, கொஞ்சமும் கிண்டல் இல்லாமல்.

பயிற்சிக்கு முன்னால் குடிக்கிற பொடி என்று ஒரு சிவப்பு டப்பா. அதில் வாயில் நுழையாத பெயர்கள் வரிசையாக இருந்தன, அளவு மட்டும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. 'சிறப்புக் கலவை' என்று அதற்கு ஒரு பட்டம் வேறு. "எங்க வீட்டுல எல்லாருக்கும் சேர்த்து வயசு நூத்தி அறுபதுன்னு சொன்னா யாருக்கு என்ன வயசுன்னு எப்படிடா தெரியும்?" என்றாள். காபியில் இருக்கிற காஃபீன் இதில் எவ்வளவு என்று கேட்டதற்குக் கடைக்காரர், "நல்லா ஏறும்க்கா" என்றார். அக்கா அதை இரண்டு விரலால் பிடித்துத் திரும்ப வைத்தாள்.

அத்தானுக்கு அறுவை செய்த மருத்துவரையும் விடவில்லை. அவர் பழைய பரிசோதனைகளைப் பார்த்து, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார். முட்டை, பால், பயறு, மீன் எல்லாம் முதலில். பசி எடுக்காத நாளில் பொடி உதவும், அதற்குமேல் அதில் மந்திரம் ஒன்றுமில்லை. சிவப்பு டப்பா வகையறா வேண்டவே வேண்டாம்.

கடைசியில் அக்கா ஒரு வெள்ளை டப்பாவைக் கண்டுபிடித்தாள். படமே கிடையாது. சேர்மானம் இரண்டே வரி, முதல் பெயரே பால் புரதம். ஒரு வேளைக்கு ஒரு கரண்டி, முப்பது கிராம், அதில் இருபத்துநாலு புரதம். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு சோதனைக்கூடம் பார்த்த முடிவையும், டப்பாவின் தொகுதி எண்ணை இணையதளத்தில் தட்டினால் பார்க்க முடிந்தது. இவ்வளவுக்கும் நடுவில் அத்தான் தினமும் கருப்பு டப்பாவைக் குடித்துக்கொண்டிருந்தார். அக்கா ஏன் இன்னும் பேசாமல் இருக்கிறாள் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு டப்பாவையும் மேசையில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அத்தான் வெள்ளை டப்பாவை உருட்டிப் பார்த்தார்.

"பினாயில் டப்பா மாதிரி இருக்கு."

"முன்னாடி பார்க்காதீங்க."

"உனக்குப் புரியல" என்றார் அத்தான். குரல் இறங்கியிருந்தது. "அதுல என்ன இருக்குன்னு பார்த்தா நான் வாங்கினேன்? 'உன்னால முடியும்'னு அதுல போட்டிருந்துச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்லேர்ந்து இந்த வீட்டுல யாராவது அந்த ஒரு வார்த்தை சொன்னீங்களா? படுங்க, தூங்குங்க, வெயில்ல போகாதீங்க. ஒரு டப்பாதான் சொல்லிச்சு."

நானும் சொல்லவில்லைதான்.

அவர் அக்காவையே பார்த்தார். "நான் தேறணும்னு நீ நினைக்கிறியா? உண்மையச் சொல்லு."

"இல்ல" என்றாள் அக்கா.

நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.

"நீங்க போன்கிட்ட உக்காந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன். வண்டி மணி கேட்டா எனக்கு உயிர் போய் உயிர் வருது, இத்தன வருஷமா. இது வெத்து டப்பான்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். பேசாம இருந்தா நீங்களா தோத்திருப்பீங்க. நான் ஆசைப்பட்டதும் அதுதான். அதான் அதக் கேட்கணும், இதக் கேட்கணும்னு நாளக் கடத்துனேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முடியல. தப்புன்னு தெரிஞ்சும் கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட எனக்கு வரல."

அத்தான் வெள்ளை டப்பாவின் மூடியைத் திறந்து, "இதுலயும் கரண்டி உள்ள புதைஞ்சு கிடக்கு பாரு" என்று விரலை விட்டுத் துழாவினார்.

பொடி ஒன்றும் அவரை மாற்றிவிடவில்லை. முட்டையும் பயறும் மெல்ல உள்ளே போயின, பசி திரும்பியது, மாஸ்டர் அவரை விடாமல் பிழிந்தெடுத்தார். சாப்பாடு இறங்காத நாளில் ஒரு கரண்டி. அக்கா தன் கையாலேயே கலக்கிக் கொடுத்தாள்.

தேர்வு நாளில் நான் அத்தானோடு போனேன். அக்கா வேலைக்குப் போய்விட்டாள். கோபுரம் ஏறி இறங்கிவிட்டார். மணல் பொம்மையைப் பாதி மைதானம் இழுத்ததும் முழங்காலிட்டுவிட்டார். நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. எழுந்தார். இழுத்தார். கோட்டைத் தாண்டியதும் அப்படியே மண்ணில் சாய்ந்தார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் அச்சு இயந்திரம் ஓடுகிற சத்தம்.

"தேறிட்டார்க்கா!"

அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் விசும்புவது கேட்டது.

"அக்கா? சந்தோஷமா?"

"பயமா இருக்குடா" என்றாள். "அவர்கிட்ட ரொம்ப சந்தோஷப்பட்டேன்னு சொல்லு."

போனை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அத்தான், அக்காவுக்கு ரொம்ப சந்தோஷம்."

மல்லாந்து கிடந்தவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "ரொம்ப அழுதாளா?"