அம்மா கேட்ட ஜீப்

எங்கள் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு இன்ஸ்பெக்டர்கள் உண்டு என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லாமல் காந்திபுரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் பில் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். ஒருவர் சட்டம் ஒழுங்கு. அடிதடி, ஊர்வலம், திருவிழா பந்தோபஸ்து எல்லாம் அவருக்கு. இன்னொருவர் குற்றப்பிரிவு. திருட்டு, வழிப்பறி, பூட்டு உடைப்பு எல்லாம் அவருக்கு. போலீஸ்காரர்கள் அதை ‘க்ரைம்’ என்றுதான் சொல்வார்கள். உள்ளே நுழைந்தால் வலது கைப் பக்கம் ஒருவர், இடது கைப் பக்கம் இன்னொருவர். இதையெல்லாம் எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அம்மாவை எங்கெங்கே உட்கார வைத்தார்கள் என்பதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

அம்மா ஒரே வீதியில் நாலு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டக் கூலியாக இருந்தவள், அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைக்க டவுனுக்கு வந்தாள். அந்த வீதியில் அவளுக்கு ஒரு பேர் இருந்தது. ஊருக்குப் போகிறவர்கள் சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். சம்பளத்தைப் பற்றி ஒருநாளும் பெருமை பேசாதவள், அந்தச் சாவிக் கொத்தை மட்டும் என் முன்னால் ஆட்டிக் காட்டுவாள்.

அந்த நாலில் பெரிய வீட்டில் ஒருநாள் பீரோவில் இருந்த நகை காணவில்லை. பூட்டு உடையவில்லை, ஜன்னல் உடையவில்லை. முதலில் சட்டம் ஒழுங்குக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு இது க்ரைம் என்றார்கள். க்ரைம்காரர்கள் வந்து கைரேகைப் பிரிவைக் கூப்பிட்டார்கள், மோப்ப நாய்ப் பிரிவையும் கூப்பிட்டார்கள். நாயைக் கூட்டிவந்தவர், திருடன் தொட்ட பொருள் ஏதாவது வேண்டும் என்றார். பீரோவுக்கு அடியில் ஒரு துணி கிடந்தது. வீட்டுக்கார அம்மா அதை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது எங்க வீட்டுத் துணியே இல்லைங்க” என்றார்.

அது அவருடைய பழைய நைட்டி. அம்மா கிழித்துத் தூசி துடைக்க வைத்திருந்த துணி. சொந்த வீட்டில் ஒருநாளும் தூசி துடைக்காத ஒருவருக்கு அந்தத் துணி எப்படித் தெரியும்?

நாய் மோந்தது. சமையலறை வழியாகப் பின்கட்டுக்குப் போனது, பாத்திரம் தேய்க்கும் குழாயடியில் நின்றது, பிறகு அம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. நாய் ஒரு தப்பும் செய்யவில்லை. தினமும் அந்தத் துணியைப் பிடிக்கிற ஆளைச் சரியாகக் காட்டியது. அந்த வீட்டில் அன்றைக்கு ஒழுங்காக வேலை பார்த்தது அது ஒன்றுதான்.

“அது நான் தொடைக்கற துணிங்க. இந்த வீட்டு அம்மாவோட நைட்டியைக் கிழிச்சதுங்க” என்று அம்மா சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கார அம்மா வாயைத் திறக்கவில்லை. அதற்குள் வாசலில் அக்கம்பக்கத்து ஆட்கள் கூடிவிட்டார்கள், அவர்கள் முன்னால் தன் நைட்டியைத் தனக்கே அடையாளம் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? நாய்க்காரர் மட்டும் பதில் சொன்னாராம். “நாயைக் கொண்டாறதுதானுங்க எங்க வேலை. இதைய நீங்க க்ரைம்கிட்டச் சொல்லுங்க.”

க்ரைம்காரர்களின் வண்டி அன்றைக்குக் கோர்ட்டுக்குப் போயிருந்ததால், சட்டம் ஒழுங்கு ஜீப்பில் அம்மாவை ஏற்றினார்கள். முட்டுச்சந்து என்பதால் ஜீப் திரும்ப இடம் போதாமல் முன்னும் பின்னுமாக நகர்ந்திருக்கிறது. பிறகு வீதி முழுக்க மெதுவாகப் போயிருக்கிறது. இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடைக்காரர், மற்ற மூன்று வீட்டுக்காரர்கள், அவர்களுடைய குழந்தைகள் எல்லோரும் கேட்டில் நின்று பார்த்தார்கள். அம்மா இதைச் சொல்லும்போதுதான் அழுதாள். ஸ்டேஷனில் நடந்ததைச் சொல்லும்போது அழவில்லை.

ஸ்டேஷனில் ஒரு அடி அடிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. “வாங்கம்மா, உக்காருங்கம்மா, தண்ணி குடிங்கம்மா.” எங்கள் ஊர் மரியாதை ஊரறிந்தது. அந்த மரியாதையோடுதான் தினமும் காலையில் வரச்சொல்லி, இடது கைப் பக்கத்து பெஞ்சில் சாயங்காலம் வரைக்கும் உட்கார வைத்தார்கள். பெண்களை விசாரிக்க ஸ்டேஷனுக்கே கூப்பிடக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதாகப் பின்னால் ஒரு வக்கீல் சொன்னார். சட்டம் வலது கைப் பக்கத்து அறையில் இருந்திருக்கும், நாங்கள் இடது பக்கம் போய்விட்டோம்.

துணியைப் பற்றி அம்மா அங்கேயும் சொன்னாள். அது நாய்ப் பிரிவு எழுதியது, நாங்கள் மாற்ற முடியாது என்றார்கள். கைரேகைப் பிரிவு அம்மாவின் பத்து விரலையும் மையில் உருட்டி எடுத்தது. பீரோவில் இருந்த ரேகையோடு பொருந்துகிறது என்று சொன்னது. பீரோவில் அம்மாவின் ரேகை இல்லாமல் இருந்திருந்தால்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், அன்றைக்கு அவள் சரியாகத் துடைக்கவில்லை என்று அர்த்தம். இதை நான் சொன்னபோது, “நாங்க ரேகை பொருந்துதான்னு மட்டுந்தானுங்க பாப்போம், ஏன் பொருந்துதுன்னு க்ரைம்தான் பாக்கோணும்” என்றார்கள்.

அதற்குள் வேறு பகுதிகளிலும் இதே மாதிரி பூட்டு உடையாத திருட்டுகள் நடக்க, உதவி கமிஷனர் ஒரு தனிப்படை போட்டார். பல ஸ்டேஷன்களிலிருந்து ஆட்களைப் பொறுக்கி, வேறொரு கட்டடத்து மாடியில் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். கேஸ் அவர்கள் கைக்குப் போனது. இனியாவது விமோசனம் என்று நினைத்தேன். அவர்கள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அவசரத்தில் போட்ட அறை என்பதால் அங்கே பெஞ்ச் கிடையாது. அம்மா சிமென்ட் தரையில் உட்கார்ந்தாள், முட்டிவலிக்காரி, எழும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

கமிஷனர் ஆபீசுக்கு ஒரு மனுவோடு போனேன். அங்கே மத்திய குற்றப்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பெரிய மோசடி, நிலப் பிரச்சினை மாதிரி கேஸ்தான் எடுப்போம், வீட்டுத் திருட்டு எங்களிடம் வராது என்றார்கள். பிரிவு பிரிவாக எவ்வளவு சுத்தமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இடையில் ஒரு மனுஷி விழுந்தால் எந்தப் பிரிவின் மீதும் படாமல் நேராகத் தரைக்கு வந்துவிடலாம்.

மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் நல்ல மாதிரிதான் சொன்னார்கள். “கொஞ்ச நாளைக்கு வேண்டாங்கம்மா, நாங்களே பாத்துக்கறோம்.” சாவிக் கொத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அம்மா தொண்டாமுத்தூர்ப் பக்கம் பாக்கு உரிக்கப் போனாள். பாக்குக் கறை விரலில் ஏறிக்கொண்டது. தனிப்படை கூப்பிடுவதும் ஒருநாள் நின்றது. ஏன் நின்றது என்று யாரும் சொல்லவில்லை, எங்களுக்குக் கேட்கவும் பயம்.

பல மாதம் கழித்துக் கடையில் என் பக்கத்துச் சீட்டுக்காரி போனில் ஒரு செய்தியைக் காட்டினாள். ஒரு கல்யாண மண்டபத்தில் மேடை போட்டு, மீட்ட நகைகளைப் பறிகொடுத்தவர்களிடம் போலீஸ் அதிகாரிகள் ஒப்படைத்த விழா. படத்தில் நடுவில் அந்த வீட்டுக்கார அம்மா, பட்டுப்புடவையில், இரண்டு கையாலும் நகைப் பெட்டியை வாங்கிக்கொண்டு சிரிக்கிறார். செய்தியைப் படித்தேன். குடிதண்ணீர் ஃபில்டர் சர்வீஸ் செய்ய வருகிறவன் போல வீடுகளுக்குள் போய் எடுத்த ஒருவன், நகரத்தின் இன்னொரு மூலையில் தனிப்படையிடம் மாட்டி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருக்கிறான். நகைகள் மேட்டுப்பாளையத்து அடகுக் கடைகளில் இருந்தன. அவன் மாட்டியது எப்போதோ. அடையாளம் காட்ட அந்த அம்மாவைக் கூப்பிட்டதும் எப்போதோ. எங்களுக்கு மட்டும் சொல்ல ஆள் இல்லை.

அந்த வாரமே அந்த அம்மா எனக்குப் போன் செய்தார். “மனசுல எதுவும் வெச்சுக்க வேண்டாம்னு அம்மாகிட்டச் சொல்லும்மா. திங்கக்கிழமைல இருந்து வரச்சொல்லு. இப்ப வர்ற பொண்ணு சரியாவே தொடைக்கறதில்ல.”

நான் கத்தியிருப்பேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“வாரேன்னு சொல்லு கண்ணு. ஆனா நானா நடந்து வரமாட்டேன்னு சொல்லு. அன்னைக்கு எப்புடிக் கூட்டிட்டுப் போனாங்களோ, அப்புடியே அந்த ஜீப்புலயே கொண்டாந்து அந்த வீதில எறக்கி உடச்சொல்லு. மெதுவா வரட்டும். அன்னைக்குப் பாத்தவிய எல்லாரும் இன்னைக்கும் பாக்கட்டும்.”

போனில் அந்த அம்மா, அதெல்லாம் நாங்கள் எப்படிக் கேட்பது என்று வைத்துவிட்டார். சரி, நான் கேட்கிறேன் என்று ஸ்டேஷனுக்குப் போனேன். இடது பக்கம் இன்ஸ்பெக்டர் மாறியிருந்தார். பழைய ஏட்டு ஒருவர்தான் இருந்தார்.

“கேஸு முடிஞ்சு போச்சுங்களே அம்மணி, இன்னும் என்னங்க?”

“எங்கம்மா திருடலைன்னு அந்த வீதில யாருங்க சொல்லுவாங்க?”

“திருடுனாங்கன்னு நாங்க எப்பங்க சொன்னோம்? விசாரிச்சோம், அவ்வளவுதானுங்க.”

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஜீப் மட்டும் மெதுவாகப் போனது. அந்த ஜீப்பைத்தான் கேட்டேன். ஏட்டு சிரித்துவிட்டார். “அது எங்க வண்டியே இல்லீங்க. சட்டம் ஒழுங்குக்காரங்க வண்டிங்க. அங்க கேளுங்க.” வலது பக்கம் போனேன். “வண்டி எங்களுதுதானுங்க. ஆனா கேஸு க்ரைம் கேஸுங்க. அவிய எழுதிக் குடுத்தாத்தான் அனுப்ப முடியும்.” தனிப்படையைக் கேட்கலாம் என்று அந்த மாடிக்குப் போனேன். அறை பூட்டியிருந்தது. ஆளைப் பிடித்துவிட்டதால் படையைக் கலைத்துவிட்டார்களாம். எல்லோரும் அவரவர் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் திரும்பிப் போக ஒரு இடம் இருந்தது.

அம்மா அந்த வீதிக்குப் போகவில்லை. நானும் அதற்குப் பிறகு யாரையும் போய்க் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜீப் வந்து நின்றது. ஒரு நொடி அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதை இன்று வரைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

இறங்கிய போலீஸ்காரர் இளவயசு, புது ஆள். “அம்மா, ரெண்டு வீதி தள்ளி ஒரு வீட்டுல நகை போயிருக்குதுங்க. இந்தப் பக்கம் வீட்டு வேலை செஞ்சவங்கள்ல உங்க ரேகை ஏற்கெனவே ரெக்கார்டுல இருக்குதுங்களே. ஒரு சின்ன விசாரணைதானுங்க.”

“அந்தக் கேஸ் முடிஞ்சு போச்சு, திருடனைப் புடிச்சுட்டாங்க” என்று நான் பாய்ந்தேன்.

“கேஸு முடிஞ்சுதுங்க. ரேகை ரெக்கார்டு வேற பிரிவுங்களே” என்றார், கொஞ்சமும் கோபப்படாமல்.

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “ஏனுங்க, நீங்க எந்தப் பிரிவுங்க?”

“தனிப்படைங்கம்மா. மறுபடியும் புதுசாப் போட்டிருக்காங்க.”

“அங்க பெஞ்சு இருக்காதுங்களே” என்று சொல்லிவிட்டு, அம்மா உள்ளே போய்ப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.