களத்து விசில்

என் மனைவி என்னைத் தொடைநடுங்கி என்று சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆனால் சொல்வது பொய்யில்லை. கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராகக் காலம் தள்ளி, யாரிடமும் ஒரு பேச்சு வாங்காமல் ஓய்வு பெற்று வந்தவன் நான். அந்த ஒரே தகுதிக்காக மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் தொழிலாளர் சங்கம் என்னைத் தன் தேர்தலுக்கு அதிகாரியாகப் போட்டது. பொதுவான ஆளாம். என் மகள் அதே ஆலையின் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள் என்று ஊருக்கே தெரியும். எனக்குத்தான் அப்போது அது உறைக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பழைய தலைவர், மேனேஜருக்கு வேண்டியவர். இன்னொருவர் களத்தில் புழுங்கல் நெல் காயவைக்கும் ஓர் அம்மா. வயது நாற்பத்தைந்து இருக்கும். வெயிலில் கறுத்து, கணீரென்று பேசுவார். களத்துப் பெண்களுக்கெல்லாம் அவர்தான் அக்கா. அவர் ஜெயித்துவிடுவார் என்று மேனேஜருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மனு கொடுத்த மறுநாளே பழைய தலைவரிடமிருந்து ஆட்சேபம் வந்துவிட்டது.

'மேஸ்திரி வேலை பார்ப்பவர் தேர்தலில் நிற்கக் கூடாது என்பது சங்க விதி. இந்த அம்மாவின் கையில் விசில் இருக்கிறது. விசில் வைத்திருப்பவர்தான் மேஸ்திரி. ஆகவே மனுவைத் தள்ள வேண்டும்.'

விசில் விவகாரம் இதுதான். மழை மேகம் கண்டால் களத்தில் மேஸ்திரி விசில் ஊதுவார். உடனே எல்லாரும் ஓடிவந்து நெல்லைக் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். பாய்லர் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. பழைய மேஸ்திரி வேலையை விட்டுப் போனபின் வேறு ஆள் போடவில்லை. ஆணியில் சும்மா தொங்கிய விசிலை, மேகத்தை முதலில் பார்த்துவிடும் அந்த அம்மா எடுத்து ஊத ஆரம்பித்திருந்தார். அவ்வளவுதான் விஷயம்.

அங்கேயே ஆட்சேபத்தைத் தள்ளியிருக்கலாம். நானோ சனிக்கிழமை நேரில் வந்து பார்த்து முடிவு சொல்கிறேன் என்றேன். அதோடு நிற்காமல் பெரிய புத்திசாலி மாதிரி, "அதுவரைக்கும் அந்த விசிலைத் தொடாதம்மா. ஆணியிலேயே மாட்டி வச்சுடு" என்றேன். "நீங்க சொன்னா சரிங்க சார்" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் மேனேஜர் என் வீட்டுக்கே வந்தார். காபி பிரமாதம் என்றார். "பொண்ணு நல்லா வேலை பாக்குது சார். முதலாளிக்கே ரொம்பத் திருப்தி. இப்படியே நல்லபடியா போகணும். நீங்க பாத்து செய்யுங்க" என்று சொல்லிச் சிரித்தார். மிரட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேனோ என்னவோ! அந்தச் சிரிப்புக்கு நானும் சிரித்து வாசல்வரை வழியனுப்பினேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மனுவைத் தள்ளிவிடலாம் என்றுகூட நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் களத்துக்குப் போனேன். புரட்டாசி வெயில் சுள்ளென்று அடித்தது. மேனேஜர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டார். பத்து நிமிடம் போயிருக்காது, அந்த அம்மா நிமிர்ந்து மேற்கே பார்த்தார். நானும் பார்த்தேன். தென்னந்தோப்புக்கு மேலே மை போலக் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் விறுவிறுவென்று ஆணியிடம் போனார். கையைத் தூக்கியவர் அப்படியே நின்று என்னைப் பார்த்தார். எதிர் ஓரத்தில் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மேனேஜர் குனிந்து என் காதருகில் சொன்னார்: "நாலு குவியல் நெல்லு போனா போவுது சார். அவங்க எடுத்து ஊதுறாங்களான்னு நல்லா பாருங்க."

ஆபீஸ் ஜன்னல் எனக்கு நேர் எதிரே இருந்தது. அதற்குப் பின்னால் என் மகள். அந்த அம்மாவின் கை அந்தரத்திலேயே நின்றது. தொடாதே என்று நான் சொல்லிவைத்ததற்காக நின்றது. முதல் தூறல் என் வழுக்கையில் விழுந்தது. களத்து ஓரத்து நெல் புள்ளி புள்ளியாக நனைவதைப் பார்த்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. மழை சடசடவென்று இறங்கிய பிறகுதான் எப்படியோ குரல் வந்தது.

"ஊதும்மா! எடுத்து ஊது!"

ஊதினார். விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டே ஓடி, எல்லாருக்கும் முன்னால் பலகையை எடுத்து நெல்லைத் தள்ள ஆரம்பித்தார். தார்ப்பாயின் ஒரு முனையை அவரே இழுத்தார். கால் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி இழுத்தார். நான் தாழ்வாரத்தில் மூட்டை மேல் தாளை வைத்து எழுதினேன். 'மேஸ்திரி ஊதிவிட்டு நின்று வேலை வாங்குவார். இவர் ஊதிவிட்டு முதலில் ஓடி வேலை செய்கிறார். மனு ஏற்கப்படுகிறது.'

மேனேஜர் அதை இரண்டு தரம் படித்தார். "சரிங்க சார். பொண்ணுகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். அதே சிரிப்பு.

மகள் வீட்டுக்கு வரும்வரை வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். ஈரக் குடையோடு வந்தவளின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"மேனேஜர் என்னம்மா சொன்னாரு?"

"திங்கக்கிழமை முதலாளியைப் பாக்கணுமாம்." குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். "அது கிடக்கட்டும். ஜன்னல் வழியா பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அவ்வளவு நேரம் ஏம்ப்பா பேசாம நின்னீங்க? ரெண்டு குவியல் நனைஞ்சுபோச்சு. அந்தக்காதான் நாளைக்கு அதை மறுபடி காய வைக்கணும்."