ஆரம்ப வீரரின் நட்சத்திரம்

உள்ளூரில் கிரிக்கெட் டெஸ்ட் தொடர் வரப்போகிறது என்றாலே எங்கள் தாய்மாமாவுக்குச் சோறு இறங்காது. நாவுல ஊர்ப் பக்கத்தில் மரக்கறி ஏற்றித் தம்புள்ளைச் சந்தையில் இறக்கும் லொறிக்காரர் அவர். கத்தரிக்காய் விலை விழுந்தால்கூட அப்படி வாடமாட்டார். "பந்து போடுறவனுங்க பரவால்ல. அடிக்கத்தான் ஆளில்ல. மூணு பேரு போனா மிச்ச எல்லாரும் வரிசையா கிளம்பிருவானுங்க" என்பார்.

நான் ஐந்தாம் ஆண்டில் படித்தபோதும் அப்படி ஒரு தொடர் வந்தது. முதல் டெஸ்ட் நடந்த வாரக் கடைசியில்தான் என் புலமைப்பரிசில் பரீட்சையும். தேறினால் மாத்தளை டவுனில் பெரிய பள்ளிக்கூடம். இல்லையென்றால் தோட்டத்துப் பள்ளிக்கூடமே கதி. ஆனால் 'பரீட்சை' என்று யாராவது வாயெடுத்தாலே எனக்குக் குமட்டும். இரண்டு முறை அம்மாவின் சேலையிலேயே வாந்தி எடுத்திருக்கிறேன். அதனால் மாமா என்னிடம் துடுப்பாட்டத்தைப் பற்றி மட்டுமே பேசினார்.

தொடருக்கு முந்தின வெள்ளிக்கிழமை, "அந்த இடதுகை ஆரம்ப வீரரு நின்னாத்தான் நமக்கு விடிவு. வா புள்ள, அவரு பேருக்கு ஒரு அர்ச்சனை வெச்சிட்டு வருவோம்" என்று மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப்போனார். தட்டை வாங்கிய ஐயர் பெயர் கேட்டார். மாமா அந்த நீளமான சிங்களப் பெயரைத் தலைப்பெழுத்து சகிதம் சொன்னார். ஐயர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு நட்சத்திரம் கேட்டார்.

"திருவாதிரை, சாமி."

"மாமா, அது என் நட்சத்திரம்ல!"

"அவருக்கும் அதுதான் புள்ள. கும்பிடு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு சதமாவது கொடு தாயே என்று உருகி வேண்டினேன். மகராசன் இரண்டு இன்னிங்ஸிலும் சைபர்! சனிக்கிழமை அணி தோற்றது. அம்மன்மேல் வந்த கோபத்தில் ஞாயிற்றுக்கிழமை குமட்டக்கூட மறந்துபோய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தேன்.

"எல்லாத்தையும் எழுதிட்டேன்" என்று நான் சொன்னதும் மாமா இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். அணி தோற்ற மறுநாள்! சீ, ரோஷமே இல்லாத மனுஷன் என்று நினைத்தேன். அவர் ஒரு வாரமாகக் காத்திருந்தது எதற்கென்று அந்த வயதில் எனக்கு எங்கே தெரியும்?

டவுன் பள்ளிக்கூடம் கிடைத்தது. இன்றைய உத்தியோகமும் அதன் வழியாக வந்ததுதான்.

அடுத்த வாரம் மறுபடி உள்ளூர்த் தொடர். மறுபடி அடிக்க ஆளில்லையாம். மாமாவுக்கும் அதே வாரம்தான் இருதய ஆபரேஷன். அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். அதனால் நேற்று அவரைக் கோயிலுக்கு அழைத்துப்போய், இப்போதைய ஆரம்ப வீரரின் பெயரை ஐயரிடம் சொன்னேன். நட்சத்திரம் கேட்டார்.

"கார்த்திகை" என்றேன்.

மாமா சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"அவருக்கும் அதுதான் மாமா. கும்பிடுங்க."